நாளுக்கு ஒரு பத்தி

கேமரன் மலையின் வடகோடியில் உள்ள சிற்றூர் கம்போங் ராஜா. தானா ராத்தாவிலிருந்து பிரிஞ்சாங், கோலா தெர்லா வழியாக வளைந்து செல்லும் மலைச்சாலை நம்மை இவ்வூருக்குக் கொண்டுசேர்க்கும். பேராக் மாநிலத்தின் சிம்பாங் பூலாயிலிருந்து மலையேறி வருவோருக்கு இதுவே நுழைவாயில். ஊரைச் சுற்றிலும் காய்கறித் தோட்டங்களின் நெகிழிக் கூரைகள் தெரியும். இவ்வட்டாரத்தில்தான் புளூவேலி தேயிலைத் தோட்டமும், தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளியும் உள்ளன.

தேயிலைச் செடியை அதன் போக்கில் விட்டுவிட்டால் மரமாக உயர்ந்துவிடும். ஆகவே, கவ்வாத்து செய்து அதனை இடுப்பளவில் நிறுத்துவார்கள். பிறகு, கொழுந்து துளிர்க்கத் துளிர்க்க முறைவைத்துக் கொய்துகொண்டே இருக்க வேண்டும். முறை தவறினால் கொழுந்து முற்றிப்போகும். நல்ல தேயிலைக்கு உதவாது. “இம்மாதம் வேலை அதிகம், அடுத்த மாதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொய்துகொள்ளலாம்” என்று செடியிடம் தவணை கேட்க முடியாது.

ஆய்வுக் கட்டுரை எழுதுவதும் ஏறத்தாழ இத்தகைய வேலையே என்பது என் கருத்து. நாள்தோறும் சிறிதளவு எழுதுகிறவரே கட்டுரையை முடிக்கிறார். நீண்ட விடுமுறைக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் காத்துக்கொண்டே இருக்கிறார். இதனை நான் நூல்களில் படித்துச் சொல்லவில்லை. என் தவற்றிலிருந்து கற்றுச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு பணி நிமித்தமாகக் கம்போங் ராஜாவுக்குச் சென்றிருந்தேன். அங்கே எண்பது வயதைக் கடந்த பாட்டி ஒருவரைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இளமை முழுவதும் கொழுந்து கொய்தவர் அவர். அவருடைய பேச்சில் தோட்டத்துச் சொற்கள் நிறைந்திருந்தன. கங்காணி, கிராணி, லயம், ஆயாக் கொட்டகை, பெரட்டு எனச் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இவற்றுள் சிலவற்றை இன்றைய மாணவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். கிராணி என்பவர் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதியவர். தாய்மார்கள் வேலைக்குச் செல்லும்போது கைக்குழந்தைகளை விட்டுச் சென்ற இடம் ஆயாக் கொட்டகை. காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் அழைப்பது பெரட்டு.

இச்சொற்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டுமென்று முடிவு செய்தேன். இருமுறை சென்று பாட்டியின் பேச்சைப் பதிவு செய்தேன், குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன். எழுதுவதை மட்டும் தொடங்கவில்லை. “மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் வேலை குறையும், அப்போது எழுதலாம்” என்று எண்ணினேன். மார்ச் விடுமுறையில் பயிற்சிப் பட்டறைகள் வந்தன. ஆண்டு நடுவில் குடும்பத்தில் ஒரு திருமணம் வந்தது. ஆண்டிறுதியில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து மேசைமுன் அமர்ந்தேன். மூன்று நாள்களில் முதல் பத்தியைப் பதினொரு முறை எழுதி, பதினொரு முறையும் அழித்தேன். நான்காம் நாள் எழுந்து வேறு வேலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

இடையில் ஓரிரு முறை தொலைபேசியில் பேசினேன். “என்னம்மா, எழுதி முடிச்சாச்சா?” என்று பாட்டி கேட்பார். “இன்னும் கொஞ்சம்தான், பாட்டி” என்பேன். உண்மையில் ஒரு வரியும் நின்றிருக்கவில்லை. என் குறிப்பேட்டில் அவரிடம் கேட்க வேண்டிய வினா ஒன்று இருந்தது. பெரட்டு என்ற சொல்லை அவர் பெரும்பாலும் பெயர் அழைக்கும் நிகழ்வுக்கே பயன்படுத்தினார். ஓரிடத்தில் மட்டும் “பெரட்டுக்குப் பக்கத்துலதான் ஆயாக் கொட்டகை” என்று சொல்லியிருந்தார். அப்படியானால், அவ்விடத்துக்கும் அதுவே பெயரா? அல்லது பேச்சு வேகத்தில் களம் என்ற சொல்லை விட்டுவிட்டாரா? கட்டுரையை எழுதும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். புத்தாண்டு பிறந்த சில வாரங்களில் அவருடைய பேத்தி அழைத்தார். பாட்டி காலமாகிவிட்டார் என்ற செய்தியைச் சொன்னார்.

எழுதுவதை ஒத்திவைப்பவர்களை நாம் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுகிறோம். என் அனுபவத்தில் அது முழு உண்மை அன்று. அவர்கள் நியாயமாகத் தோன்றும் மூன்று காரணங்களை நம்புகிறார்கள். அக்காரணங்களைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

முதலாவது, “நேரம் இல்லை” என்பது. ஒரு கட்டுரைக்கு முழுமையாக ஒரு வாரமாவது வேண்டும் என்று நாம் கணக்கிடுகிறோம். அந்த வாரம் கிடைப்பதில்லை. ஆனால், 5,000 சொற்கள் கொண்ட ஒரு கட்டுரையை நாளொன்றுக்கு 200 சொற்களாகப் பிரித்தால் 25 நாள்களில் முதல் வரைவு முடிந்துவிடும். 200 சொற்கள் என்பவை இரண்டு பத்திகளே. ஒருவர் மிகச் சுறுசுறுப்பாக இருக்கும் நாளிலும் அரைமணி நேரத்தை ஒதுக்கிவிட முடியும். ஒரு வாரத்தை ஒதுக்குவதுதான் கடினம்.

இரண்டாவது, “இன்னும் படிக்க வேண்டியுள்ளது” என்பது. முன்னாய்வுகளைப் படிக்காமல் ஆய்வுக் கட்டுரை எழுத முடியாது என்பது சரியே. எனினும், எழுதத் தொடங்கிய பிறகுதான் எதைப் படிக்க வேண்டும் என்பது நமக்கே தெளிவாகிறது. பெரட்டு பற்றிய வினா எனக்கு எப்படித் தோன்றியது? குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது அது கண்ணில் படவில்லை. ஒரு சொல்லுக்கு ஒரு வரியில் பொருள் எழுத முயன்ற அன்றுதான் தோன்றியது. இருபது சொற்களுக்கும் அப்படி எழுத முயன்றிருந்தால், பாட்டி இருக்கும்போதே இருபது வினாக்களையும் கேட்டிருப்பேன்.

மூன்றாவது, “முதல் வரி சரியாக அமையவில்லை” என்பது. இதுவே மிகப் பெரிய தடை. நாம் எழுதும்போதே திருத்துகிறோம். திருத்தும்போதே நம்மைக் குறைகூறிக் கொள்கிறோம். இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதால் இரண்டும் கெடுகின்றன. தேயிலைத் தோட்டத்தில் இவ்வாறு செய்வதில்லை. மலைச்சரிவில் கொழுந்து கொய்வது ஒரு வேலை. தொழிற்சாலையில் அதனை வாட்டுவதும் உருட்டுவதும் நொதிக்க வைப்பதும் உலர்த்துவதும் வேறு வேலை. ஏறத்தாழ நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கிறது. கொய்யும்போதே உலர்ந்த தேயிலையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. முதல் வரைவிலிருந்தும் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

நாள்தோறும் சிறிது சிறிதாகச் செய்தால் பெரிய அறிவுப்பணியைச் சாதிக்க முடியுமா என்று சிலர் ஐயுறலாம். தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரின் வாழ்க்கையைப் பாருங்கள். அவர் 1880ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். அச்சந்திப்பே சீவக சிந்தாமணியின் பக்கம் அவரைத் திருப்பியது. அந்நூல் அச்சு வடிவம் பெற்ற ஆண்டு 1887. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளும் அவர் விடுப்பில் இருக்கவில்லை. கல்லூரியில் பாடம் நடத்தினார். எஞ்சிய நேரத்தில் ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டார். ஒரு சுவடியில் இருந்த சொல் மற்றொன்றில் மாறியிருந்தால் அதனைக் குறித்து வைத்தார். சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களிடம் சென்று கேட்டறிந்தார்.

சிந்தாமணியோடு அப்பணி நிற்கவில்லை. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவருடைய பதிப்பாக வெளிவந்தன. இவை அனைத்தும் அவர் கும்பகோணத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில் வெளிவந்தவை. ஓய்வு பெற்ற பிறகு செய்துகொள்ளலாம் என்று அவர் எண்ணியிருந்தால், 1919 வரை நாம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதற்குள் எத்தனை சுவடிகளைச் செல்லரித்திருக்குமோ!

முதுமையிலும் அவர் அம்முறையைக் கைவிடவில்லை. 1940ஆம் ஆண்டு தொடங்கி, தம் வாழ்க்கை வரலாற்றை ‘என் சரித்திரம்’ என்னும் தலைப்பில் ஆனந்த விகடன் வார இதழில் தொடராக எழுதினார். அப்போது அவருக்கு அகவை ஏறத்தாழ எண்பத்தைந்து. 1942 ஏப்ரலில் அவர் மறையும்போது அத்தொடர் முற்றுப்பெறவில்லை. ஆயினும், 122 அத்தியாயங்கள் நமக்குக் கிடைத்தன. முழு நூலையும் ஒரே மூச்சில் எழுதத் தக்க நேரம் வரட்டும் என்று அவர் காத்திருந்தால், ஓர் அத்தியாயம்கூடக் கிடைத்திராது.

இக்கருத்துக்கு ஆய்வுத் துணையும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் பாய்ஸ் 1980களில் பல்கலைக்கழக விரிவுரையாளர்களின் எழுதும் பழக்கங்களை ஆராய்ந்தார். மனம் வரும்போது மட்டும் எழுதியவர்களைவிட, கட்டாயமாக நேரம் ஒதுக்கி நாள்தோறும் எழுதியவர்கள் மிகுதியான பக்கங்களை எழுதினர். இதில் வியப்பில்லை. ஆனால், புதிய எண்ணங்களும் அவர்களுக்கே அடிக்கடி தோன்றின என்பது கவனிக்கத்தக்கது. எண்ணம் தோன்றிய பின்னர் எழுதலாம் என்று நாம் நினைக்கிறோம். எழுத அமர்கிறவருக்கே எண்ணம் தோன்றுகிறது.

பாட்டியின் மறைவுக்குப் பிறகு நான் என் முறையை மாற்றிக்கொண்டேன். அம்முறை எளியது, மாணவர்களும் பின்பற்றலாம். காலையில் அலுவலகத்துக்குப் புறப்படுமுன் அரைமணி நேரத்தை எழுதுவதற்கென ஒதுக்கினேன். அந்நேரத்தில் கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிடுவேன். வாரத்துக்கு ஐந்து நாள், நாளொன்றுக்கு 150 சொற்கள். அதற்குமேல் எழுத ஆர்வம் இருந்தாலும் நிறுத்திக்கொள்வேன். நிறுத்துமுன், மறுநாள் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒரு வரியில் குறித்து வைப்பேன். “நாளை ஆயாக் கொட்டகை பற்றிய பத்தி; குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதிலிருந்து தொடங்கு” என்பது போன்ற குறிப்பு அது. மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்துத் திகைக்க வேண்டியதில்லை.

கட்டுரையைத் தொடக்கத்திலிருந்து வரிசையாக எழுத வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முன்னுரைதான் எனக்குத் தடையாக இருந்தது. எனவே, ஆய்வு நெறிமுறையிலிருந்து தொடங்கினேன். யாரிடம், எங்கே, எப்படித் தரவு திரட்டினேன் என்று எழுதுவதற்குப் பெரிய சிந்தனை தேவைப்படவில்லை. அடுத்து, கண்டடைந்தவற்றைச் சொல் சொல்லாக எழுதினேன். முடிவுரையை எழுதிய பிறகே முன்னுரைக்குத் திரும்பினேன். எதற்கு முன்னுரை எழுதுகிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆய்வுச் சுருக்கத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக எழுதினேன்.

நாள்காட்டியில் எழுதிய நாள்களுக்குக் கோடிட்டு வந்தேன். ஏழாவது வார இறுதியில் வரைவு 5,000 சொற்களைத் தாண்டியிருந்தது. அதில் பாதி சுமாராகவே இருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சுமாரான பத்தியைத் திருத்தலாம். எழுதாத பத்தியைத் திருத்த வழியில்லை. திருத்துவதற்கு மேலும் ஏழு வாரம் ஆயிற்று. அதனையும் அதே அரைமணி நேரத்தில்தான் செய்தேன்.

இம்முறைக்கு மறுப்பும் உண்டு. ஆழ்ந்த சிந்தனைக்குத் தடையற்ற நீண்ட நேரம் தேவை. அரைமணி நேரத்தில் மேலோட்டமாகவே எழுத முடியும் என்பர். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. கள ஆய்வுக்குச் செல்வதற்கும், கடினமான நூலைப் படிப்பதற்கும், தரவுகளைப் பகுப்பாய்வு செய்வதற்கும் முழுநாள் வேண்டியிருக்கலாம். கிடைக்கும்போது அதனைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆயினும், நாள்தோறும் அந்தத் தலைப்போடு தொடர்பு வைத்திருப்பவரே அந்த முழுநாளைச் சரியாகப் பயன்படுத்துவார். நான்கு மாதம் தொடாத கட்டுரையைத் திறப்பவர், எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே அந்த நாளைக் கழித்துவிடுவார். என் ஆண்டிறுதி விடுப்பு அப்படித்தான் கழிந்தது.

எல்லாருக்கும் அமைதியான அரைமணி நேரம் கிடைக்குமா என்பதும் நியாயமான வினா. கம்போங் ராஜாவில் பள்ளி முடிந்ததும் பெற்றோருக்கு உதவியாகக் காய்கறித் தோட்டத்துக்குச் செல்லும் மாணவர்கள் இருக்கக்கூடும். சிறிய வீட்டில் தம்பி தங்கையரோடு ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்பவர்களும் இருக்கக்கூடும். அவர்களுக்கு அரைமணி என்பது பெரிய தொகையே. அப்படிப்பட்டவர்கள் பத்து நிமிடத்தில் ஐந்து வரி எழுதட்டும். முழுநாள் ஓய்வு எவருக்குக் கிடைக்கவே கிடைக்காதோ, அவருக்கே இம்முறை மிகவும் தேவை. உடல்நலக் குறைவாலோ தேர்வாலோ சில நாள் விட்டுப்போனால் அதற்காக மனம் தளர வேண்டியதில்லை. விட்ட நாள்களுக்கும் சேர்த்து ஒரே நாளில் எழுத முயலவும் வேண்டா. மறுநாள் வழக்கமான அளவோடு தொடர்ந்தால் போதும்.

ஆய்வுக் கட்டுரை பல்கலைக்கழகத்தாருக்கே உரியது, நமக்கு எதற்கு என்று மாணவர்கள் நினைக்கலாம். 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரில் நடைபெற்றது. அப்போது மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளாரின் பெருமுயற்சியால் அது நிகழ்ந்தது. பல நாட்டு அறிஞர்கள் அங்கே கட்டுரை படைத்தனர். அக்கட்டுரைகள் தொகுக்கப்பட்டு அச்சேறியதால், அங்குப் பேசப்பட்டவற்றை இன்றும் நாம் படிக்க முடிகிறது. அங்கு வந்தவர்களும் ஒரு காலத்தில் பள்ளி மாணவர்களே. உங்கள் இடுபணியும் செய்பணியும் அத்தகைய எழுத்துக்கான முதற்பயிற்சியாகும்.

மேலும், உங்களால் மட்டுமே எழுதக்கூடிய செய்திகளும் இருக்கின்றன. கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுதியாக வேலை செய்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் பல தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. அவர்களோடு தோட்டத்துச் சொற்களும் பெயர்ந்தன. பயன்பாடு இல்லாததால் மறையத் தொடங்கின. அச்சொற்களை அறிந்த தாத்தா பாட்டிகள் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்கலாம். அவர்களிடம் கேட்டு நாளுக்கு ஒரு பத்தி எழுதினாலும், ஒரு பள்ளித் தவணைக்குள் ஒரு கட்டுரை உருவாகிவிடும்.

என் கட்டுரை இறுதியில் முடிந்தது. பாட்டியின் பேத்திக்கு ஒரு படி அனுப்பினேன். அதில் இருபது சொற்களுக்குப் பொருள் தந்திருக்கிறேன். பத்தொன்பது சொற்களின் விளக்கம் முழுமையாக உள்ளது. பெரட்டு என்ற சொல்லின் கீழ் மட்டும், ‘இடத்தையும் குறித்ததா என்பது உறுதிசெய்யப்படவில்லை’ என்று எழுத வேண்டியதாயிற்று. அந்த ஒரு வரியைப் பாட்டியிடம் கேட்டு நிரப்புவதற்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்திருக்கும்.